கீழிருந்து வந்த எச்சரிக்கை... மேலே யார் படித்தார்கள்? - ராணுவங்கள் கற்ற சூழல் பாடம்!

1997-ம் ஆண்டு. அமெரிக்க மரைன் படையில் மாஸ்டர் சார்ஜன்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற ஜெர்ரி என்ஸ்மிங்கர், சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்பு வந்து நிற்கிறார். செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. வட கரோலினா மாநிலத்தில் இருக்கும் லெஜூன் முகாமின் குடிநீரில் ஒருகாலத்தில் நச்சு ரசாயனங்கள் கலந்திருந்தன என்கிறார் செய்தியாளர். அதற்கும், குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்ற பேச்சும் செய்தியில் வருகிறது. அதைக் கேட்ட நொடியில் கையிலிருந்த தட்டு நழுவி விழுந்ததாக என்ஸ்மிங்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

காரணம், ஜேனி. அவருடைய மகள். ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்து, 1985-ல் ஒன்பதாவது வயதில் இறந்துபோனவள். அவள் கருவில் இருந்த காலத்தில் அந்தக் குடும்பம் வாழ்ந்தது லெஜூன் முகாமில்தான். 'என் பிள்ளைக்கு ஏன் இப்படி?' என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கலாம் என்பதே அந்தத் தகப்பனுக்கு அன்றைக்குத்தான், அதுவும் தொலைக்காட்சி வழியாகத்தான் தெரிந்தது. அவர் உயிரைக் கொடுக்கத் தயாராக இருந்த படை, அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

'எப்போதும் விசுவாசமாக' என்பது மரைன் படையின் தாரக மந்திரம். விசுவாசம் கீழிருந்து மேலே மட்டும் போனால் போதுமா, மேலிருந்து கீழேயும் வர வேண்டாமா என்பதுதான் இந்த வாரத்துக் கேள்வி.

சுற்றுச்சூழல் என்றாலே காடு, கடல், கரடி என்று பேசிப் பழகிவிட்டோம். ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்களை ஒரே இடத்தில் தங்க வைத்து, உணவும் தண்ணீரும் எரிபொருளும் வெடிமருந்தும் கொடுத்து வேலை வாங்கும் ஓர் அமைப்புக்கு, சுற்றுச்சூழல் என்பது முதலில் ஊழியர் நலன். இன்னும் சரியாகச் சொன்னால், தலைமைப் பண்பு. அதைச் சில ராணுவங்கள் எப்படித் தவறவிட்டன, எப்படிக் கற்றுக்கொண்டன?

ஆய்வகம் எழுதிய குறிப்பு

லெஜூன் முகாமின் கதையை முதலில் முடித்துவிடலாம்.

முகாமுக்குத் தண்ணீர் கொடுத்தவை நிலத்தடி நீர்க் கிணறுகள். அந்த நிலத்தடி நீரில் பல வழிகளில் நஞ்சு இறங்கியது. இயந்திர பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவப் பயன்படும் கரைப்பான்கள், எரிபொருள் தொட்டிகளின் கசிவு, முகாமுக்கு வெளியே இருந்த ஓர் உலர்சலவைக் கடையின் கழிவு எனப் பட்டியல் நீள்கிறது. ட்ரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன், பென்சீன் என்ற பெயர்களெல்லாம் பின்னால் தெரியவந்தவை. குழாயைத் திறந்து குடத்தைப் பிடித்த குடும்பங்களுக்கு அது வெறும் தண்ணீர்.

1980-ல் குடிநீரை வேறொரு காரணத்துக்காகச் சோதிக்கத் தொடங்கினார்கள். குளோரின் கலப்பதால் உருவாகும் சில பொருள்களின் அளவைப் பார்ப்பதுதான் நோக்கம். சோதித்த ராணுவ ஆய்வகத்துக்கு, முடிவுகளைக் குழப்பும் வேறு ஏதோ ரசாயனங்கள் தண்ணீரில் இருப்பது தெரிந்தது. முடிவுத் தாளிலேயே அதைக் கையால் எழுதி அனுப்பினார்கள். ஒரு முறை அல்ல, அடுத்தடுத்த மாதங்களிலும் எழுதினார்கள். 1982-ல் ஒரு தனியார் ஆய்வகம் அந்த ரசாயனங்களின் பெயரையே கண்டுபிடித்துச் சொன்னது.

மிக மோசமான கிணறுகள் மூடப்பட்டது எப்போது தெரியுமா? 1984-ன் இறுதியிலும் 1985-ன் தொடக்கத்திலும்!

இடைப்பட்ட காலத்தில் அந்தத் தாள்களை யாரும் கிழித்துப் போடவில்லை. அவை கோப்பில் பத்திரமாக இருந்தன. அந்த ரசாயனங்களுக்குக் குடிநீரில் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற சட்ட வரம்பு அப்போது வகுக்கப்படவில்லை என்பது பின்னால் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. விதி இல்லை, எனவே மீறலும் இல்லை, எனவே அவசரமும் இல்லை. அலுவலகம் எதிலும் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் புதிதாக இருக்காது.

1953 முதல் 1987 வரையிலான காலத்தில் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தியவர்கள் 10 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்கிறது அமெரிக்க அரசின் மதிப்பீடு. வீரர்கள், அவர்களின் மனைவிமார், பிள்ளைகள், முகாமில் வேலை பார்த்த பொதுமக்கள் எல்லோரும் அதில் அடக்கம்.

இங்கே வில்லன் என்று ஒருவரைக் கை காட்ட முடியாது. எச்சரித்தவர்கள் இருந்தார்கள். எச்சரிக்கையைப் பெற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். 'இது என் பொறுப்பு, இன்றைக்கே கிணற்றை மூடு' என்று சொல்லும் ஒரு தலைவர்தான் அந்தச் சங்கிலியில் இல்லை.

'நாங்கள் கொட்டவில்லையே!'

அதே காலகட்டத்தில், மேரிலாந்து மாநிலத்தில் இன்னொரு கதை நடந்தது. செசபீக் வளைகுடாவின் கரையில் இருக்கிறது அபர்டீன் ராணுவச் சோதனைத் தளம். 1917-ல் தொடங்கப்பட்ட பழைய தளம். அங்கே ரசாயன ஆயுதங்கள் தொடர்பான ஆய்வில் மூன்று மூத்த பொறியாளர்கள் பொறுப்பில் இருந்தார்கள். மூவரும் சீருடை அணியாத அரசு ஊழியர்கள். தங்கள் துறையில் மதிப்பு மிக்க நிபுணர்கள்.

1980-களின் நடுவில் அவர்களின் பொறுப்பில் இருந்த ஆலையில் ஒரு தொட்டியிலிருந்து கந்தக அமிலம் கசிந்தது. விசாரணைக்குப் போனவர்கள் கண்டது அதைவிட மோசம். தீப்பிடிக்கக்கூடிய, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்கள் திறந்தவெளியில் கிடந்தன. ஒன்றோடொன்று கலந்தால் உயிரைப் பறிக்கக்கூடிய ரசாயனங்கள் ஒரே அறையில் இருந்தன. பீப்பாய்கள் ஒழுகிக்கொண்டிருந்தன.

மூவர் மீதும் குற்ற வழக்கு பாய்ந்தது. அவர்கள் தரப்பு வாதங்கள் கவனிக்க வேண்டியவை. அரசு ஊழியர்கள் என்பதால் இந்தச் சட்டம் தங்கள் மீது பாயாது என்றார்கள். செய்வது சட்ட விரோதம் என்று தெரியாது என்றார்கள். அவர்கள் யாரும் தங்கள் கையால் எதையும் கொட்டவும் இல்லை.

1989-ல் நடுவர் குழு அவர்களைக் குற்றவாளிகள் என்றது. 1990-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசு ஊழியர் என்பது கவசம் ஆகாது. சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அபாயகரமான கழிவுகளைக் கையாளுவது பற்றிய சட்டம் 1976-லேயே வந்துவிட்டிருந்தது. சிறைத் தண்டனை இல்லை. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், தலா 1,000 மணி நேரச் சமூக சேவையும் விதிக்கப்பட்டன.

தண்டனை சிறியதுதான். ஆனால் அமெரிக்க ராணுவத் தளங்களில் மேலாளர் நாற்காலியில் இருந்தவர்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. அதுவரை கழிவு என்பது கடைசியாகத் துடைப்பம் பிடிப்பவரின் பிரச்னையாக இருந்தது. அது கையெழுத்துப் போடுபவரின் பிரச்னையானது அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான்.

'அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுக்கலாம். பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்க முடியாது' என்று ராணுவப் பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். போர்க்களத்துக்குச் சொன்ன அந்தப் பாடம், ஒழுகும் பீப்பாய்க்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் பக்கம் இருந்தும் யோசிக்கலாம். மேலதிகாரி தினமும் கேட்பது, 'சோதனை எந்த அளவில் இருக்கிறது?' என்ற ஒரே கேள்வியை. 'பீப்பாய் எப்படி இருக்கிறது?' என்று அவர் ஒருநாளும் கேட்பதில்லை. அப்படியானால், பீப்பாய் முக்கியமில்லை என்பதுதான் ஊழியர்கள் புரிந்துகொள்ளும் உத்தரவு. யாரும் வாய்விட்டுச் சொல்லாத உத்தரவு அது. ஆனால் எல்லோரும் தவறாமல் கடைப்பிடிக்கும் உத்தரவும் அதுதான்.

மரங்கொத்திக்கு வழிவிட்ட பாராசூட் படை

லெஜூன் முகாம் இருக்கும் அதே வட கரோலினாவில், உள்நாட்டுப் பக்கமாகச் சில மணி நேரப் பயண தூரத்தில் இருக்கிறது ஃபோர்ட் பிராக். அமெரிக்காவின் 82-வது வான்வழிப் படைப் பிரிவின் தாயகம். வானிலிருந்து பாராசூட்டில் குதிக்கும் வீரர்கள் பயிற்சி எடுக்கும் இடம். அங்கே ராணுவத்தைத் தடுத்து நிறுத்தியது எதிரிப் படை அல்ல, ஒரு மரங்கொத்தி!

ரெட்-காக்கேடட் மரங்கொத்தி என்று பெயர். நம் கைக்குள் அடங்கிவிடும் சின்னப் பறவை. நீள் இலை பைன் மரங்களில், அதுவும் உயிரோடு நிற்கும் வயதான மரங்களில்தான் பொந்து குடையும். ஒரு பொந்தைக் குடைந்து முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். பொந்தைச் சுற்றிலும் கொத்திக்கொத்திப் பிசின் வழியவிடும். மரமேறி வரும் பாம்புக்கு அந்தப் பிசின்தான் தடை. கூட்டுக் குடும்பமாக வாழும். முந்தைய ஈட்டில் பிறந்த அண்ணன்கள் தம்பி தங்கைகளுக்கு இரை கொண்டுவந்து கொடுப்பார்கள்.

அமெரிக்கத் தென்கிழக்கின் பைன் காடுகள் பெரும்பாலும் வெட்டப்பட்டுவிட்டதால் 1970-லேயே இந்தப் பறவை அழியும் அபாயப் பட்டியலில் ஏறிவிட்டது. மிச்சமிருந்த நல்ல காடுகளில் ஒரு பகுதி ராணுவ வேலிக்குள் இருந்தது. பீரங்கிக் குண்டு விழும் இடத்தில் அடிக்கடி தீப்பிடிக்கும். இந்த வகைக் காட்டுக்கு அவ்வப்போது எரியும் தரைத்தீ தேவை. புதர் மண்டாமல் பைன் மரங்கள் மட்டும் நிற்கும். அதனால் மரங்கொத்திக்கு வசதியான இடமாகவே இருந்தது பயிற்சிக் களம்.

1990-ல் வனவிலங்குத் துறை, ராணுவத்தின் நடவடிக்கைகள் இந்தப் பறவையின் இருப்புக்கே ஆபத்து என்று அறிக்கை கொடுத்தது. பொந்துள்ள மரங்களைச் சுற்றி வாகனம் போகக் கூடாது, பதுங்குகுழி தோண்டக் கூடாது, முகாமடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடுகள் இறுகின. மரத்தில் வெள்ளைப் பட்டை தீட்டி அடையாளம் வைத்தார்கள். நாட்டைக் காக்கப் பயிற்சி எடுக்க வந்தவர்களிடம் 'அந்தப் பக்கம் போகாதே, குருவி இருக்கிறது' என்றால் எப்படி இருக்கும்? எரிச்சல் இருக்கத்தான் செய்தது.

இங்கேதான் தலைமையின் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. சட்டத்தோடு சண்டை போட்டு விலக்கு வாங்குவது ஒன்று. பறவை பெருகினால் கட்டுப்பாடு தளரும் என்று புரிந்துகொண்டு பறவையைப் பெருக்குவது இன்னொன்று. ஃபோர்ட் பிராக் இரண்டாவது வழியில் போனது.

தளத்தின் நிர்வாகத்திலேயே வன அலுவலர்களும் உயிரியலாளர்களும் வேலை பார்த்தார்கள். எந்தப் பகுதியை எப்போது திட்டமிட்டு எரிப்பது என்பது பயிற்சி அட்டவணையோடு சேர்த்து முடிவானது. மரத்தில் செயற்கைப் பொந்துப் பெட்டிகள் பொருத்தப்பட்டன. ஆண்டுக்கணக்கில் குடைய வேண்டிய வீடு, பறவைக்கு ஒரே நாளில் கிடைத்தது. 1995 வாக்கில், வேலிக்கு வெளியே இருந்த தனியார் நில உரிமையாளர்களோடும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளோடும் ராணுவம் கைகோத்தது. 'உங்கள் நிலத்தில் பறவை வந்தால் புதிய கட்டுப்பாடு வராது. காட்டை மட்டும் காப்பாற்றுங்கள்' என்ற ஏற்பாடு நில உரிமையாளர்களின் பயத்தைப் போக்கியது.

2006-ல் அந்தப் பகுதிக்கு வைத்திருந்த பறவை எண்ணிக்கை இலக்கு எட்டப்பட்டது. எதிர்பார்த்ததைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே! பயிற்சிக் கட்டுப்பாடுகள் பெருமளவு தளர்ந்தன. 2024-ல் அந்த மரங்கொத்தி, அழியும் அபாயப் பட்டியலிலிருந்து ஒரு படி இறக்கப்பட்டு, 'அச்சுறுத்தலுக்கு உள்ளான' இனமாக வகை மாற்றப்பட்டது. அதற்குப் பல மாநிலங்களின், பல அமைப்புகளின் உழைப்பு காரணம். அதில் ராணுவத் தளங்களுக்கும் முக்கியமான பங்கு உண்டு.

வீரர்களிடம் 'இயற்கையை நேசியுங்கள்' என்று பிரசங்கம் செய்து வந்த மாற்றம் அல்ல இது. 'இந்தப் பறவை இருந்தால்தான் நமக்குப் பயிற்சி நிலம் இருக்கும்' என்று அவர்கள் வேலையின் மொழியில் சொன்னதால் வந்த மாற்றம்.

முசோரி மலையில் ஒரு பசுமைப் பட்டாளம்

இங்கே இந்தியாவில், இதே கேள்விக்கு வேறு விதமான பதில் ஒன்று 1982-லேயே கிடைத்துவிட்டது.

டேராடூனிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் முசோரி மலை தெரியும். 1980-களின் தொடக்கத்தில் அந்த மலைச்சரிவில் வெள்ளை வெள்ளையாகக் காயங்கள் தெரிந்தன. சுண்ணாம்புக்கல் குவாரிகள். வெடி வைத்துப் பெயர்த்த கல் போக, மிச்சச் சரளை சரிவில் கொட்டப்பட்டது. மழை வந்தால் அது ஓடைகளில் இறங்கியது. மரம் போனது, மண் போனது, ஊற்றுகள் வற்றின. 1983-ல் அங்கிருந்த ஒரு தொண்டு அமைப்பு எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று உச்ச நீதிமன்றம் விசாரித்தது. 1985-ல் பல குவாரிகளை மூட உத்தரவிட்டது. சுற்றுச்சூழலுக்காக இந்திய உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்ட முதல் பெரிய வழக்குகளில் அது ஒன்று.

குவாரியை மூட நீதிமன்றத்தால் முடியும். மலையில் மறுபடி மரத்தை முளைக்க வைக்க யாரால் முடியும்? சரிவு செங்குத்து. மேல்மண் இல்லை. சாதாரணமாகக் கூலிக்கு ஆள் வைத்து நட்டு வரும் இடம் அல்ல அது.

அந்த வேலைக்கு 1982 டிசம்பரிலேயே ஒரு பட்டாளம் உருவாகியிருந்தது. டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய ராணுவத்தின் 127-வது சூழலியல் பட்டாலியன். கர்வால் ரைஃபிள்ஸ் படைப் பிரிவோடு இணைந்தது. பசுமைப் புரட்சி விஞ்ஞானி நார்மன் போர்லாக், பிரதமர் இந்திரா காந்தியிடம் சொன்ன யோசனையிலிருந்து இது பிறந்ததாகச் சொல்வார்கள்.

இதில் ஆள் எடுத்த விதத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெரும்பாலானோர் ஓய்வு பெற்ற ராணுவ வீரர்கள், அதுவும் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள். ராணுவத்தில் சிப்பாய்கள் நாற்பது வயதையொட்டியே ஓய்வு பெற்றுவிடுவார்கள். உடம்பில் தெம்பு இருக்கும், ஒழுங்கு பழகியிருக்கும், பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பார்கள், கையில் வேலை இருக்காது. அப்படிப்பட்டவரிடம் உன் ஊர் மலையைத் திருப்பிக் கொடு என்று சொன்னால்? வற்றிய ஊற்று அவருடைய அம்மா தண்ணீர் எடுத்த ஊற்றாக இருக்கலாம். அந்த வேலையை அவர் பார்க்கும் விதமே வேறு.

சம்பளச் செலவுக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம், நாற்றும் தொழில்நுட்ப உதவியும் தர மாநில வனத்துறை, ஒழுங்கும் தலைமையும் தர ராணுவம் என்று பொறுப்புகளும் தெளிவாகப் பிரிக்கப்பட்டன. மழைக்கு முன்னே குழி வெட்டுவது, மழையில் நடுவது, மண் சரியாமல் கல்தடுப்புகள் கட்டுவது, ஆடு மாடு மேயாமல் காவல் இருப்பது, காய்ந்துபோனதற்குப் பதில் வேறு கன்று வைப்பது, தீ வந்தால் ஓடி அணைப்பது என ஆண்டு முழுவதும் வேலை.

மரம் நடும் விழாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கன்று, குழி, புகைப்படம், தேநீர், கலைந்து செல்லுதல். இந்தப் பட்டாலியனில் கலைந்து செல்ல முடியாது. ஒரு சரிவு ஒரு குழுவின் பொறுப்பு என்றால், அடுத்த கோடையிலும் அதே குழு அதே சரிவில்தான் நிற்கும். எத்தனை நட்டீர்கள் என்பதைவிட எத்தனை பிழைத்தன என்ற கேள்விக்குத்தான் அதிகாரி பதில் சொல்ல வேண்டும்.

இன்று முசோரிச் சரிவுகளில் அந்த வெள்ளைக் காயங்களில் பல, பச்சைக்குள் மறைந்துவிட்டன. இந்த மாதிரி அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 1983-ல் ராஜஸ்தான் பாலைவனத்தில் இந்திரா காந்தி கால்வாய்ப் பகுதிக்கு, 1988-ல் ஜம்முவுக்கு, 1994-ல் குமாவுன் மலைகளின் பித்தோராகருக்கு, 2000-ல் டெல்லியின் பட்டி சுரங்கப் பகுதிக்கு, பிறகு இமாச்சலப் பிரதேசம், அஸ்ஸாம், மகாராஷ்டிரத்தின் மராத்வாடா என்று விரிந்தது.

பனியில் புதைந்த தகர டப்பா

சூழலியல் பட்டாலியனுக்கு மரம் வளர்ப்பதுதான் வேலை. மற்ற வேலையில் இருப்பவர்கள்?

சியாச்சின் பனிப்பாறையில் 1984 முதல் இந்திய வீரர்கள் காவல் நிற்கிறார்கள். சில நிலைகள் 20,000 அடிக்கும் மேல். உணவு டப்பா, மண்ணெண்ணெய், மருந்து, உடை எல்லாம் கீழிருந்து போக வேண்டும். போனதில் பெரும்பகுதி அங்கேயே தங்கியது. அந்தக் குளிரில் எதுவும் எளிதில் மக்காது. பனி உருகி ஓடும் நீர் நூப்ரா ஆறாகி, ஷியோக் வழியாகச் சிந்துவில் கலக்கிறது. உச்சியில் போட்ட டப்பா, அடிவாரத்துக் கிராமத்தின் தண்ணீர்ப் பிரச்னை.

மூச்சு விடுவதே பெரும்பாடாக இருக்கும் இடத்தில் 'குப்பையைக் கீழே கொண்டு வா' என்று உத்தரவு போடுவது எளிது, நிறைவேற்றுவது கடினம். 2018 முதல் ராணுவம் இதை ஒரு திட்டமாகவே நடத்தியது. நிலைகளிலிருந்து இறங்குவோர் குப்பையையும் கொண்டுவருவது, கீழே அதைத் தரம் பிரித்து அழுத்திக் கட்டுவது, எரிக்க வேண்டியதை எரிஉலையில் எரிப்பது என்று வழிமுறை வகுக்கப்பட்டது. அடுத்த ஒன்றரை ஆண்டுக்குள் சுமார் 130 டன் குப்பை கீழே வந்ததாக 2019-ல் செய்திகள் வந்தன.

உத்தரவோடு மூட்டை கட்டும் இயந்திரத்தையும், எரிஉலையையும், இறங்கும் வழியையும் சேர்த்துக் கொடுத்ததுதான் இங்கே கவனிக்க வேண்டியது. வசதி செய்து தராமல் போடும் சுற்றறிக்கை, பழியைக் கீழே தள்ளிவிடும் காகிதம் மட்டுமே.

கணக்கில் வராத புகை

ராணுவங்களைப் பசுமைக் காவலர்கள் என்று புகழ்ந்துவிட்டு எழுந்துவிடவும் முடியாது. போர் விமானமும் டாங்கியும் போர்க்கப்பலும் குடிக்கும் எரிபொருள் கொஞ்சநஞ்சம் அல்ல. 1997-ம் ஆண்டின் கியோட்டோ ஒப்பந்தத்தில் ராணுவப் புகையின் கணிசமான பகுதி கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. 2015-ம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்திலும், நாடுகள் தங்கள் ராணுவப் புகையைக் கணக்குக் காட்டுவது கட்டாயமாகவில்லை. விரும்பினால் காட்டலாம் என்ற நிலைதான். போர் என்று வந்துவிட்டால் நிலமும் நீரும் படும் பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

எண்ணாத ஒன்றை யாரும் நிர்வகிக்க முடியாது. லெஜூனில் எண்கள் வந்தும் படிக்கவில்லை. உலக ராணுவங்களின் புகையில் பல எண்கள் இன்னும் வரவே இல்லை. மரம் நடும் பட்டாலியனுக்கு வணக்கம் வைக்கும் அதே கையால் இந்தக் கேள்வியையும் எழுப்பத்தான் வேண்டும்.

அந்தத் தாள் இன்று யார் மேஜையில்?

ராணுவம், உத்தரவு போட்டால் நடக்கும் இடம். அங்கேயே உத்தரவு மட்டும் போதவில்லை என்றால், நம் அலுவலகமும் பள்ளிக்கூடமும் அடுக்குமாடிக் குடியிருப்பும் எம்மாத்திரம்? சீருடை இல்லாத இடங்களுக்கும் இந்தக் கதைகள் அப்படியே பொருந்தும்.

தொழிற்சாலை வாசலில் 'மரம் வளர்ப்போம்' பலகை இருக்கும். பின்பக்க வாய்க்காலில் என்ன ஓடுகிறது என்று கேட்ட ஊழியருக்கு இடமாற்றம் கிடைக்கும். குடியிருப்பில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டு தொட்டி இருக்கும். இரண்டையும் ஒரே வண்டியில் கொட்டுவதைப் பார்த்த காவலாளி யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்பார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை மாதம் ஆயிற்று என்பது மோட்டார் போடும் அண்ணனுக்குத் தெரியும். சங்கச் செயலாளருக்குத் தெரியாது.

சூழலைப் பற்றிய முதல் தகவல் எப்போதும் கீழே இருப்பவரிடம்தான் இருக்கும். நாற்றம் முதலில் அவர் மூக்குக்குத்தான் வரும். அவர் சொல்வதற்கு ஒரு வழி, சொன்னதைக் கேட்க ஒரு காது, கேட்டதும் நடவடிக்கை எடுக்க ஒரு பெயர். இந்த மூன்றும் இருக்கிற இடத்தில் தலைமை இருக்கிறது.

என்ஸ்மிங்கர் அன்றைக்கு விழுந்த தட்டைப் பொறுக்கி வைத்துவிட்டு அமைதியாகிவிடவில்லை. கோப்பு கோப்பாகத் தேடினார். நாடாளுமன்றக் குழுக்கள் முன்னால் சாட்சி சொன்னார். 2012-ல், லெஜூன் முகாமில் வாழ்ந்த வீரர்களுக்கும் குடும்பத்தினருக்கும் மருத்துவ உதவி தரும் சட்டம் வந்தது. அன்றைய அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தில் ஜேனியின் பெயரும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டம் 2022-ல் வந்தது.

ஆய்வகத்தில் இருந்த யாரோ ஒருவர், தன் வேலைக்கு வெளியே இருந்த விஷயம் என்றாலும் பேனாவை எடுத்து முடிவுத் தாளின் ஓரத்தில் எழுதினார். அவர் தன் கடமையைச் செய்துவிட்டார். உங்கள் அலுவலகத்தில், உங்கள் தெருவில், அப்படி யாரோ எழுதிய ஒரு குறிப்பு இப்போதும் ஏதாவது மேஜையில் இருக்கக்கூடும். அந்த மேஜை உங்களுடையது என்றால், இன்றைக்கே எடுத்துப் படித்துவிடுங்கள்.